செல் படாத குழாய்

திங்கள் காலை ஒன்பது மணி. உப்சாலாவில் தன் ஆய்வுக்கூடத்தில் ரூட்கர் சோதனை முடிவைப் பார்த்துத் திகைத்து நின்றார். குடுவையில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள், தாம் கிடக்கும் திரவத்தில் ஒரு புரதத்தைக் கசியவிடும். நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதம் அது. மருந்திட்டால் அந்தக் கசிவு குறைகிறதா என்பதுதான் அவருடைய மாணவி ஈல்வாவின் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குழாய்களில் தனியே வைத்திருந்த, செல்லே படாத வெறும் திரவத்திலும் அந்தப் புரதம் இருந்தது! யாரோ ஊற்றியிருக்க வேண்டும். குழாய்களைத் தொட்டவளோ ஈல்வா ஒருத்திதான்.

காபி மேசையில், அத்தனை பேர் முன்னாலும், கலப்படம் செய்தாயா என்று கேட்டுவிட்டார். இல்லை என்றாள், ஒரே ஒரு தரம். அவள் பட்டத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போவதாக அறிவித்துவிட்டு எழுந்தார்.

மதியம் மேர்த்தா வந்தார். ஆய்வில் தில்லுமுல்லு என்றால் விசாரிப்பது அவர் வேலை. ரூட்கரோடு சேர்ந்து படித்தவர்.

"எந்தக் குழாயெல்லாம் கெட்டுது?"

"கதவுப் பக்கம் இருந்த வரிசை மட்டும். மத்ததெல்லாம் சுத்தம்."

"எப்ப திறந்திருந்துது?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"அன்னிக்கு உள்ள யாராவது வந்தாங்களா?"

"அவ பிறந்தநாளாச்சே. எல்லாரும் கதவைத் திறந்துட்டுப் போய்ப் பாடினோம். எப்பவும் பண்றதுதானே."

"முன்னால நின்னது?"

"நான்தான். எனக்குத்தானே குரல் பெருசு."

"ஈல்வா?"

"முகக்கவசத்தைக் கழட்டவே இல்ல. அதுக்கும் கிண்டல் பண்ணோம்."

மேர்த்தா ஒரு புதுக் குழாயை நீட்டித் துப்பச் சொன்னார். கருவியில் வைத்ததும் எண் எகிறியது.

"இந்தப் புரதம் நோயில்லாத மனுஷன் எச்சில்லயும் இருக்கு, ரூட்கர். பாடினப்ப எச்சில் தெறிச்சுக் குழாயைக் கெடுத்தது நீதான். அதுவும் போகட்டும், திருடுறவ தன் வீட்டுலயேவா கன்னம் வைப்பா? வெறும் திரவத்துல ஊத்தினா அவ ஆய்வுதானே நாசமாகும்? அதைக்கூட நீ யோசிக்கல."

ரூட்கருக்குக் காது மடல் வரை சுட்டது. எச்சில் விஷயம் அவர் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது ஈல்வாவின் பெயர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோட்டு மாட்டும் இடத்தில் அவளைப் பிடித்து, மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டார்.

"இங்க வேணாம்," என்றாள் ஈல்வா. "எல்லார் முன்னாலயும்தானே கேட்டீங்க? இதையும் அங்கேயே சொல்லுங்க."

மறுநாள் காபி மேசையில் எழுந்து நின்று சொன்னார். மேசைக் கோடியில் இருந்தவர், ஒன்றும் காதில் விழவில்லை என்றார்.

ரூட்கர் இன்னொரு தரம், உரக்கச் சொன்னார்.