ஸ்ரீராமின் மஞ்சள் உள்ளங்கை

ஸ்ரீராமின் உள்ளங்கை மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சரோஜம்மாள்தான்.

"நோடு, இங்க பாரு முனிலட்சுமி, உம் பையனுக்குக் காமாலை. பாதமும் மஞ்சளா இருக்குது பாரு. ஸ்டேட் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மணிக்கட்டுல சூடு வைக்கிறாரு. கூட்டிக்கிட்டுப் போ."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசர அவசரமாகக் கிளம்பினாள். நான்கு வயது ஸ்ரீராமோ, பஸ்ஸில் போகிற குஷியில் தானே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். பாவம், எதற்குப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

அக்கா மாதேஸ்வரிக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அவளோடு படிக்கும் கோபியின் மணிக்கட்டில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைத்தது.

போன வருஷம் அப்பாவுக்குக் காமாலை வந்தபோது எப்படி இருந்தார்? கண் மஞ்சளாகிவிட்டது. சோற்றைப் பார்த்தாலே குமட்டினார். பல நாள் பாயை விட்டு எழவே இல்லை. இந்தப் பயல் மூன்று இட்லி தின்றுவிட்டு நான்காவதற்கு அல்லவா அடம்பிடித்தான்?

"டேய், கண்ணை நல்லா முழிச்சுக் காட்டு."

ஸ்ரீராம் நாக்கையும் சேர்த்து நீட்டிக் காட்டினான். கண் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளாச்சே. இவனுக்கு ஆகலையே."

"உனக்கு என்னடி தெரியும்? சும்மா இரு."

"தெரியாதும்மா. அதான் மொதல்ல ஆஸ்பத்திரியில கேட்டுட்டுப் போலாங்கறேன். சூடு வெச்சுட்டா அப்புறம் அழிக்க முடியாதே."

செருப்பில் கால் நுழைத்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்ரீராமின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "தினமும் என்ன சாப்பிடறான்?"

"கேரட்டு" என்றாள் மாதேஸ்வரி. "ஒரு நாளைக்கு ஏழெட்டு. முறுக்கு மாதிரி கடிச்சுக்கிட்டே இருப்பான்."

பாகலூர் பக்கத்தில் கேரட் கழுவும் ஷெட்டில்தான் அம்மாவுக்கு வேலை. உடைந்த கேரட்டை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கேரட்டுக்கு நிறம் குடுக்கறது பீட்டா கரோட்டின்னு ஒரு சத்து. அதை நம்ம குடல் வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். கண்ணுக்கு நல்லது. ஆனா, வேணுங்கற அளவுக்குத்தான் மாத்தும்."

"அப்போ மிச்சம்?" என்றாள் மாதேஸ்வரி.

அம்மா யோசித்தபடி சொன்னாள். "எங்க ஷெட்டுல லாரிக்கு வேணுங்கறதைத்தான் கழுவி மூட்டை புடிப்போம். மிச்சம் அப்படியே குவிஞ்சு கெடக்கும். அது மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான். மிச்ச நிறம் தோல்ல போய்த் தங்கிடுது. உள்ளங்கையிலயும் பாதத்துலயும் தோல் தடிமன். அதான் அங்க நல்லாத் தெரியுது."

மதியம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் காமாலை இல்லை என்றது.

"கேரட்டைக் கொறைங்க போதும். கொஞ்ச வாரத்துல நிறம் தானாப் போயிடும்" என்றார் டாக்டரம்மா.

அதுவரை சமர்த்தாக இருந்த ஸ்ரீராம் இதைக் கேட்டதும்தான் அழ ஆரம்பித்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் தூங்கிவிட்டான். அம்மா அவனுடைய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நானே இவன் கையைப் புடிச்சு நீட்டியிருப்பேனே, மாதேசு."

"நீட்டலையேம்மா" என்று சொல்லி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள் மாதேஸ்வரி.