நான் யார் என்று கேட்டால்...

“இன்னொரு தடவை சொல்லு. நான் யாரு?”

“பெரியம்மா!”

“அடியே! என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“...சமையல்காரி.”

“அப்படிச் சொல்லு, என் கண்ணு!”

சிறுமி ஸியூலானின் தலையைப் பின்னியபடியே ஒடெஸா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மளிகைக் கடையின் பின்கட்டில் காலையிலிருந்து எவரும் உரக்கப் பேசவில்லை. ஸியூலானைச் சேர்க்கும் முன், வெள்ளைக்காரப் பள்ளியின் குழுவினர் இருவர் இன்று வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அமெரிக்காவில், மிசிசிப்பியின் அந்தப் பருத்தி ஊரில் சீனப் பிள்ளைகளை அப்பள்ளி சேர்த்துக்கொள்ளும். ஆனால், வீட்டில் கறுப்பர் எவரும் உறவாக இருத்தல் கூடாது.

ஒடெஸா கறுப்பினத்தவள், கடைக்காரர் சௌ விங் மாதா கோயிலில் கைப்பிடித்த மனைவி. அவருடைய தம்பி சௌ ஹான் சீனாவிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தை ஸியூலானோடும் வந்து இறங்கியபோது, நோயில் விழுந்த தாய் யூக்சிங்குக்குப் பதிலாக அந்தக் குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவளும் அவளே.

“பின்வாசல் வழியா வா. அவங்க முன்னாடி உட்கார்ந்துடாத... ஒரு நாள்தானே!” என்றான் ஹான்.

“ஊருக்கே தெரியுமே, தம்பி! அவங்க என்ன குருடங்களா?”

“தெரியும். தெரியாத மாதிரி இருக்க அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும். அதை நாமதான் குடுக்கணும்!”

ஒடெஸா கணவரைப் பார்த்தாள். அவர் தூசியே இல்லாத டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாய்க்காலைக் கடக்க வழியின்றித் தவித்த எறும்புகளுக்காக ஓர் எறும்பு தன் உடலையே பாலமாக்கிக் கிடந்ததாம். அக்கரை சேர்ந்தவை திரும்பிப் பார்த்து, ‘நல்ல குச்சி’ என்றனவாம். குச்சி என்று சொல்லச் சொன்னதே அந்த எறும்புதான் என்றால், அதை என்னவென்பது?

வந்தவர்கள் இருவரும் இனிமையாகவே பேசினார்கள். ஒடெஸா காபி கொண்டுவந்தாள்.

“இது யாரும்மா?” என்று முதியவர் ஸியூலானிடம் கேட்டார்.

“எங்க சமையல்காரி, சார்!”

அவர் புன்னகையோடு சௌ விங் பக்கம் திரும்பினார். “ராத்திரி இங்கயேதான் தங்குவாளா?”

விங் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

“இல்லைங்க... அவ வீட்டுக்குப் போயிடுவா.”

“அதான் நல்லது. நாளைக்கு யாரும் ஒரு பேச்சுப் பேசிடக் கூடாது பாருங்க.”

ஒடெஸாவின் கையில் இருந்த காபி ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவர்கள் போனதும் குழந்தை ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. “சரியாச் சொன்னேனா, பெரியம்மா?”

“சரியாச் சொன்ன, கண்ணு.”

பிறகு அவள் தன் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

“ஒடெஸா...! வாயில வந்துடுச்சு... நான் நெனச்சு சொல்லலை!” என்று தடுமாறினார் விங்.

“சொல்லிட்டீங்க. இனி நான் இங்க இருந்தா அது பொய்யாயிடும். பிள்ளையை வெளிய தள்ளிடுவாங்க. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்க சனங்க தெருவுல எங்கக்கா வீடு இருக்கு.”

அப்போது யூக்சிங் இரு கைகளிலும் தேநீர்க் கிண்ணத்தை ஏந்தி வந்து, ஒடெஸாவின் முன்னே மண்டியிட்டாள். சீனர் வழக்கப்படி, வீட்டுக்கு வரும் இளைய மருமகள் மூத்தவளுக்கு முதல் நாளே செய்ய வேண்டிய மரியாதை அது. யூக்சிங் இதுவரை அதைச் செய்ததில்லை.

“வந்த அன்னிக்கே குடுத்திருக்கணும், அக்கா... ஒரு கறுப்பச்சி முன்னாடி மண்டி போடறதான்னு இருந்துட்டேன்! எம்பிள்ளையை எங்கிட்டருந்து பிடுங்கிக்கிட்டீங்கன்னு வேற நெனச்சேனே...! நான் பாவி, அக்கா! போகாதீங்க!”

ஒடெஸா கிண்ணத்தை வாங்கி முழுவதும் குடித்தாள். உள்ளே ஏதாவது இளகும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். தொண்டை மட்டுமே சூடாயிற்று. குனிந்து, அழுபவளை எழுப்பி நிறுத்தினாள்.

“பிள்ளைக்கு எண்ணெய் வெச்சுப் பின்னு. இல்லைன்னா சிக்கு விழும்.”

அவள் கடையின் முன்வாசல் வழியாகவே தெருவில் இறங்கினாள். சௌ விங் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

“அண்ணே! கடை...?” என்று கத்தினான் ஹான்.

“நீ பார்த்துக்க. அவ வீட்டுக்குப் போயிடுவான்னு சொன்னேன்ல? எனக்கும் வீடு அதான்டா!”

ரயில் பாதையை நெருங்கும்போது அவர் அவளை எட்டிப் பிடித்தார். மூட்டையை வாங்கிக்கொண்டு, ஊரே பார்க்க அவள் கையைப் பற்றினார். ஒடெஸா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இறுகப் பற்றிக்கொள்ளவும் இல்லை. அது அவர் கைக்குள் அப்படியே இருக்க, இருவரும் தண்டவாளத்தைக் கடந்தார்கள்.