நடுக்கடலில் ஒன்றரை மணி நேரம்

பகல் பன்னிரண்டரைக்குக் கூடத்தில் செண்டு மணத்தது. மஸ்கட்டிலிருந்து மகன் சுதன் லீவில் வரும்போதெல்லாம், பெட்டியைத் திறக்கும் முன்பே வீட்டை நிறைக்கிற அதே மணம். அய்யம்பெருமாள் செல்போனில் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தார். மஞ்சள் விமானம் இன்னும் கடல்மேல்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். ஒருநாள்கூட வண்டி நேரத்துக்குப் போனதில்லை. ஆனால் வீட்டில் தூரத்துக்கும் நேரத்துக்கும் அவர்தான் அதாரிட்டி. மஸ்கட்டிலிருந்து இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். அங்கிருந்து திருவட்டாறுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், களியக்காவிளை நெரிசலோடு இரண்டு மணி நேரம். “கடல்ல களியக்காவிளை இல்லல்லா!” என்பார். மனைவி அழகியநாயகி சிரிக்க மாட்டாள். ஒன்பதுக்கு ஏறியவன் பன்னிரண்டரைக்கு வந்தாக வேண்டும். அங்கத்துக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதெல்லாம் அவளிடம் செல்லாது. அவள் கணக்கில் விமானம் நேரே முற்றத்தில் இறங்கும்.

இன்றும் அந்தக் கணக்கில்தான் ஏத்தவாழைக்காய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தாள். சுதன் அந்த விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தான். இருக்கையில் அல்ல. சரக்கோடு, பெட்டியில். நான்கு நாள் முன்பு வேலையிடத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். ஊருக்கே தெரியும். அவளிடம் மட்டும், போன் கெட்டுப்போச்சு, லீவில் வாறான் என்று சொல்லிவைத்திருந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து ஆறு தடவை அடுக்களைக்குப் போனார். ஆறு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

எண்ணெய் சீறியது. கூடவே, வற்றல் பல்லில் நொறுங்கும் சத்தம்.

“ஏட்டி, வாறதுக்குள்ள நீயே தின்னு தீத்திராத.” பழக்கதோஷம்.

“நானா தின்னுகேன்? ஒங்க மவனாக்கும். பன்னிரண்டரைன்னு நான் சொன்னேம்லா! ஒங்க பிளேன் எங்க நிக்கி?”

எழுந்தார். சித்திரை வெயிலிலும் தரை சில்லென்று இருந்தது. செண்டு மணத்துக்கு அடியில் ஆஸ்பத்திரி வாடை. அடுக்களை வாசல்வரை ஈரக் காலடிகள். ஒன்று நேராக. மற்றது பின்பக்கம் திரும்பி.

அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். அவள் முதுகோடு ஒட்டி, சுதன். தலை சீவியிருந்தான். மணிக்கட்டில் சரக்குச் சீட்டு.

“அப்பா,” என்றான், மெதுவாக. “இன்னும் சொல்லல்லியா?”

“சொல்லுகேன் மக்கா. இப்ப...”

“வேண்டாம்பா. நானே சொல்லிருகேன்.”

“என்னடே ரகசியம் அப்பனும் மவனும்?” அவள் குரலில் சிரிப்பு. “பாத்து நில்லு மக்கா, எண்ணெ தெறிக்கும்.”

சுதன் குனிந்தான். உதடு அவள் காதோரம்.

வற்றல் சிவந்தது. கறுத்தது. புகைந்தது.

கரண்டி அசையவில்லை.

அவள் திரும்பவில்லை.

அவர் கையில், கடல்மேல், அதே இடத்தில் மஞ்சள் விமானம். இன்னும் ஒன்றரை மணி நேரம்.

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.