உடம்புச் சூடு

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பீளமேட்டில் பல வீடுகளில் இதுதான் நடக்கும். ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். இன்னொருவர் அவருடைய தோளெலும்புக்குக் கீழே, உள்ளிருக்கும் கருவியோடு பேசும் அலைவாங்கியை ஒட்டிவிட்டு, கணினித் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். நேத்ரா ஒட்டினாள். அவள் கணவன் சேந்தன் வழக்கம்போல நெளிந்தான்.

"கூசுது அம்மணி."

"ஆமா, மகாராசாவுக்கு மயிலிறகுல ஒட்டோணும். ஆடாம உக்காருங்க மாமா."

சேந்தனின் மார்புக்குள் இருந்தது ஒரு துடிப்பி. அவன் இதயம் மறந்துபோகிற துடிப்புகளையெல்லாம் அது நினைவூட்டும். அதைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருடமாகிறது. இணையத்திலிருந்த அதன் மேகக் கிடங்கும் கருவியைத் திறக்கும் கடவுச்சாவிகளும் கூடவே போய்விட்டன. பிறகு வந்தது அநாதைக் கருவிச் சட்டம். செய்தவன் இல்லாத கருவிக்கு அதைச் சுமப்பவரே பொறுப்பு. உயிரோடு இருக்கும்வரை எந்த மருத்துவமனையும் அதைத் தொடக்கூடாது, மாற்றவும் கூடாது. கைகழுவுவதற்கு என்ன அழகாகப் பெயர் வைக்கிறார்கள், பாருங்கள்!

ஆகவே உள்ளே இருக்கிற பேட்டரி தீர்ந்தால் ஆளும் தீர்ந்தார். அதை இழுத்துப் பிடிக்க ஒரே வழி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. எவ்வளவு குறைக்கலாம் என்று உயிருள்ள ஆளிடமா சோதிக்க முடியும்? லினக்ஸில் ஓடும் பழைய சுற்று சிமுலேஷன் மென்பொருள் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அதில் துடிப்பியின் சுற்றை அப்படியே வரைந்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு நிழல்சுற்று என்று பெயர். நிழலில் சரியாக ஓடினால்தான் நெஞ்சுக்குள் அனுப்பலாம். அதற்குமுன் இரண்டு ஜோடிக் கண்கள் வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். கருவிகளின் பூட்டை உடைத்துத் தாங்களே பராமரிக்கும் குடும்பங்கள் சேர்ந்த துடிப்புக் குழுவின் கட்டுப்பாடு இது.

அந்த வாரம் நேத்ராவின் பழைய கணினி உயிரை விடுகிற சத்தம் போட ஆரம்பித்திருந்தது. புதியது ஒன்றை வாங்கி, லினக்ஸைப் புதிதாக ஏற்றி, சுற்று மென்பொருளை நிறுவினாள். ஏதோ ஒரு நிரல்தொகுதி இல்லை என்று அது முரண்டு பிடித்தது. அதைத் தேடிப் பிடித்துப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. "மாமியார்கூட இவ்வளவு குத்தம் சொல்ல மாட்டாங்க" என்று முணுமுணுத்தாள். பழைய வட்டிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்தாள். வரைந்த சுற்றுகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. அப்பாடா என்றிருந்தது.

இப்போது அந்தப் புதிய கணினியில் நிழல்சுற்று ஓடியது. இதுவரை துணியாத அளவுக்கு மின்னோட்டத்தைக் குறைத்திருந்தாள். கோடு நெளியாமல் பிசகாமல் ஓடியது. படத்தைக் குழுவிலிருந்த ரோஸ்லின் அக்காவுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள். சூலூரில் அவரும் தன் மகனுக்கு இதே வேலைதான் பார்க்கிறார்.

"அடேயப்பா! இத்தன கொறச்சும் ஒரு துடிப்புகூடத் தவறலயே" என்றார் ரோஸ்லின். "தைரியமா அனுப்பு கண்ணு."

அனுப்பினாள். பேட்டரி இன்னும் பத்து வருடம் தாங்கும் என்றது கணக்கு. சேந்தன் சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தான். "பத்து வருசமா? அத்தன நாளைக்கு என்னோட மல்லுக்கட்டோணுமே, பாவம் நீ."

திட்டுவதற்குப் பதிலாக அவன் சட்டைப் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள்.

புதன்கிழமை தலை சுற்றுகிறது என்றான். சாப்பிடாமல் ஓடினால் சுற்றாமல் என்ன செய்யும் என்று கடிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை, வேலை பார்க்கும் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவன், இறங்கிய இடத்திலேயே சரிந்தான். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இறந்தபின் கருவியைத் தொடச் சட்டத்தில் தடையில்லையாம். எரியூட்டும்போது பேட்டரி வெடிக்கும் என்று துடிப்பியை எடுத்து, கழுவி, ஓர் உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சேந்தன் கிடந்தான். வந்தவர்களெல்லாம் ஓடிப்போன நிறுவனத்தைச் சபித்தார்கள். நேத்ராவால் அங்கே உட்கார முடியவில்லை. உள் அறைக்குப் போய்த் துடிப்பியை மேசைமேல் வைத்து, அலைவாங்கியைப் பக்கத்தில் வைத்தாள். எங்கே கெட்டுப்போனாய் என்று அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

திரையில் கோடு வந்தது. ஒரு துடிப்பு தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிழல்சுற்று காட்டிய வரைபடம் அப்படியே இருந்தது.

"நல்லாத்தானே இருக்கற! அப்புறம் ஏன் அவரைக் கைவிட்ட?" என்று அதை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது திரையில் துடிப்புகள் விட்டுவிட்டு வந்தன. பிறகு நின்றேபோயின. பதறிப்போய்க் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு மறுபடி எழுந்து ஓட ஆரம்பித்தது.

கைச்சூட்டில் நிற்கிறது, மேசைமேல் ஓடுகிறது. மென்பொருளின் வெப்பநிலை அமைப்பைத் திறந்தாள். இருபத்தேழு டிகிரி.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் இருபத்தேழு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மேசைமேல் கிடக்கும் சுற்றுகளுக்கு அது போதும். மனித உடம்போ முப்பத்தேழு. அந்தச் சூட்டில், இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் துடிப்பி தடுமாறும்; அவன் இதயம் தானாக அடித்தவரை அது வெளியே தெரியவில்லை. பழைய கணினியில் அதைச் சொல்ல ஒரே வரியில் ஒரு கோப்பு இருந்தது. எப்போதோ அவளே எழுதி வைத்தது, பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்பு. அப்படிப்பட்ட கோப்புகளை லினக்ஸ் கண்ணில் காட்டாது. எல்லாவற்றையும் நகலெடு என்று பொதுவாகச் சொன்னால் அவற்றை விட்டுவிடும். அது அவளுக்குத் தெரியாதா? புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு ஜோடிக் கண்களும் பார்த்தது ஒரே படத்தை. அதில் ஓடியது உடம்புச் சூட்டில் இல்லாத துடிப்பி.

கதவு திறந்தது. சேந்தனின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சது பழுதா போச்சா சாமி?"

நேத்ரா தலையாட்டினாள், இல்லையென்று. "அது சரியாத்தானுங் இருக்குது அத்தை. நாந்தானுங்..."

அவர் காதில் அது விழவில்லை. மேசைமேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதா என்ற பையனுக்குள்ள இருந்துச்சு?"

நேத்ரா தடுப்பதற்குள் அதை எடுத்து, சேலைத் தலைப்போடு சேர்த்து நெஞ்சில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் அடிக்குதா கண்ணு?"

திரையில் துடிப்புகள் தள்ளித்தள்ளி வந்தன. அப்புறம் வெறும் கோடுதான் போய்க்கொண்டிருந்தது. கீழே வையுங்கள் என்று அந்த மனுசியிடம் எப்படிச் சொல்வாள்?

"அடிக்குதுங் அத்தை" என்று சொல்லிவிட்டு, நேத்ரா திரையை அணைத்தாள்.