வெளுத்துப்போன நீலம்

"இது என் கல்லே இல்ல, டீச்சர்!" என்று சிங்காரவேலன் மோதிரத்தை மேசைமேல் வைத்தார். "என் நீலத்தை எடுத்துக்கிட்டு அஜ்மீர் ஏதோ கண்ணாடியை வச்சுக் கட்டிட்டான். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்."

மதிவதனி காரைக்காலில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவர். கல்லில் சந்தேகம் வந்தால் ஊர்க்காரர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த லோரான்ஸ் பத்திரிகை நிருபர். மதிவதனி அக்கா ஒரு கல்லைக் கையில் எடுக்கும் அழகைப் பார்ப்பதற்காகவே வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறவர். அவரை முந்திரிக்கொட்டை என்று சொன்னால் முந்திரிக்கொட்டைதான் கோபித்துக்கொள்ளும். 'நீலக்கல் திருட்டு' என்று கைப்பேசியில் அதற்குள் தலைப்பே போட்டுவிட்டார்.

மோதிரத்தில் பெட்டிபோல் மூலை வைத்து வெட்டிய சின்னக் கல். நீலத்தின் சாயல்கூட இல்லை. லேசான மஞ்சள் கலந்த தண்ணீர் நிறம்.

"கல்லோட கதையைச் சொல்லுங்க" என்றார் மதிவதனி.

"அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்ப சைகோன்ல வாங்கினது. கடைசிவரைக்கும் பதக்கமா கழுத்துல போட்டிருந்தாங்க. சின்னப் புள்ளையில அவங்க மடியில படுத்துக்கிட்டு அதையே பார்ப்பேன். கீழேயிருந்து பார்த்தா தண்ணி மாதிரி இருக்கும். எழுந்து எதிர்ல உக்காந்தா நல்ல நீலம். அப்பா ஏதோ மந்திரம் பண்றாங்கன்னு நெனைப்பேன்." இளகிய குரல் மறுபடி இறுகியது. "சனிப்பெயர்ச்சி வருதேன்னு மோதிரமாக்கச் சொல்லி அஜ்மீர்கிட்ட குடுத்தேன். பள்ளிக்கூடத்துலேருந்து பழக்கம். கல்லு விரல்ல படணும், அடியைத் திறந்து கட்டுன்னு சொன்னேன். அவன் பண்ணின வேலை இது."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். முகம் செத்துப்போச்சு. 'வேற நீலம் வாங்கித் தந்துடறேண்ணே'ன்னான். எடுக்காதவன் எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

"அதானே!" என்று லோரான்ஸ் துள்ளினார். "ஒத்துக்கிட்ட மாதிரிதானே அக்கா?"

"அவசரத்துல அண்டாவுல கை நுழையாதுப்பா. அஜ்மீரை வரச் சொல்லு. பழைய பதக்கத்தோட கூட்டையும் கொண்டாரச் சொல்லு."

அஜ்மீர் வந்தபோது சட்டையில் பட்டறைத் தூசி அப்படியே இருந்தது. கடைவாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றால் போதும், அதற்கப்புறம் ஒருவரும் நம்பி நகை கொடுக்க மாட்டார்கள். அந்தப் பயத்தோடுதான் வந்திருந்தார். இருந்தாலும் மதிவதனி கேட்டதும், கல்லில் ஒரு கீறல் விழாமல் மோதிரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

மதிவதனி ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, கல்லின் மூலையால் அதன்மேல் அழுத்தி இழுத்தார். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"கண்ணாடி கண்ணாடியை இப்படிக் கீறாது. இது கண்ணாடியில்ல."

லோரான்ஸின் முகம் தொங்கிப்போனது.

அடுத்து டோபாஸ் என்ற கெட்டிக் கல்லின் துண்டு ஒன்றை எடுத்து, அதன் முனையை, கல்லின் அடிவிளிம்பில் வெளியே தெரியாத இடத்தில் உரசினார். இந்த முறை கீறல் கல்லில் விழுந்தது. "நீலக்கல்லா இருந்தா டோபாஸால அதைக் கீற முடியாது. அதனால இது நீலமும் இல்ல." பிறகு கல்லைத் தராசில் நிறுத்தார், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தார். "கனமும் பத்தல. நீலம் இதைவிட நல்லாவே கனக்கும்."

"பார்த்தீங்களா!" என்று சிங்காரவேலன் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. அஜ்மீர், கல்லை எப்படி வச்சுக் கட்டுனீங்க?"

"பதக்கத்துல நிமிந்து நின்ன கல்லு, டீச்சர். அதோட பக்கவாட்டுதான் தட்டை. விரல்ல நல்லாப் படட்டுமேன்னு சாய்ச்சுப் படுக்க வச்சுக் கட்டினேன். முடிச்சுப் பார்த்தா வெளுத்துக் கிடக்கு. கடையில எங்கயோ மாறிப்போச்சோன்னு பட்டறை மண்ணையெல்லாம் சலிச்சேன். கிடைக்கல. அண்ணன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? அதான் வேற வாங்கித் தர்றேன்னேன்."

மதிவதனி கல்லை இடுக்கியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். வெளிறிய மஞ்சள். மெல்லத் திருப்பினார். கால்வட்டம் திரும்பியதும், மேகம் விலகினாற்போல் கல் முழுக்க நீலம் நிறைந்தது.

லோரான்ஸ் வாயைத் திறந்தவர் மூட மறந்துபோனார். எத்தனையோ கல்லை அக்கா கையில் பார்த்திருக்கிறார். இவ்வளவு அழகாக ஒரு கல் சாட்சி சொல்லிப் பார்த்ததில்லை.

"இதுக்கு அயோலைட்னு பேரு. ஒரு திசையில நீலம், இன்னொரு திசையில தண்ணி. நீலக்கல்லும் திருப்புனா கொஞ்சம் சாயல் மாறும்; இப்படி வெளுக்காது. அஜ்மீர் கல்லை மாத்தல, திசையைத்தான் மாத்திட்டார்."

"இதே கல்லுதான்னு எப்படிச் சொல்றீங்க?" சிங்காரவேலனின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னது நீங்கதான். மடியில படுத்துப் பார்த்தா தண்ணி, எதிர்ல உக்காந்தா நீலம்னு." கல்லைப் பழைய கூட்டில் நிமிர்த்தி வைத்தார். மூலையில் உடைந்திருந்த சிறு பள்ளம், கூட்டின் வளைந்த கொக்கியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் சிங்காரவேலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப அப்பா ஏமாந்துட்டாங்களா, டீச்சர்?"

"வித்தவன் நீலம்னு சொல்லியிருப்பான். ஆனா நீங்க மடியில கிடந்து பார்த்த வித்தையை எந்த நீலமும் காட்டாதுங்க."

லோரான்ஸ் சத்தமில்லாமல் கைப்பேசியில் இருந்த தலைப்பை அழித்தார்.

சிங்காரவேலன் அஜ்மீரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சனி வரப்போகுதேன்னு கல்லைத் தேடினேன். அது முன்னாடியே வந்து என் நாக்குல உக்காந்துடுச்சு. மன்னிச்சுக்க, அஜ்மீர்."

அஜ்மீர் தலையை ஆட்டினார். "மோதிரம் வேணாம், பதக்கமாவே கட்டிடவாண்ணே?" என்று கேட்டார்.

சிங்காரவேலன் கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"கட்டி முடிச்சதும் சொல்லியனுப்பு. வந்து வாங்கிக்கிறேன்."