சித்திரை வரட்டும்

"காபி வாணாம்!"

சுந்தராம்பாள் டம்ளரைத் தள்ளி வைத்த வேகத்திலேயே, இன்றைய பொழுது நல்லபடியாகப் போகாது என்று சந்திரம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் சுந்தராம்பாள் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்து மூன்று நாளாகிறது. பேரப்பிள்ளை பிறப்பதைப் பார்க்க வந்தவளாகத் தெரியவில்லை. காவலுக்கு வந்தவளாகத்தான் தெரிந்தது. தன் மருமகள் லீலா கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போவாள். பக்கத்து வீட்டு அம்சவல்லி வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால், "இன்னா சொல்லிட்டுப் போறா?" என்பாள். சந்திரம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. தான் கழனிக்குப் போன நேரம் பார்த்து மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாளோ என்று மூன்று நாளாக வீட்டை விட்டு நகரவே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சோறு பரிமாறிக்கொண்டார்கள்.

சுந்தராம்பாளின் கணக்குப்படி மருமகள் ஆனி மாதமே உண்டாகிவிட்டாள். பங்குனியோடு பத்து மாதம். நாளை மறுநாள் சித்திரை பிறக்கிறது, வலியோ வருகிற வழியாக இல்லை. சித்திரையில் தலைச்சன் பிள்ளை பிறந்தால் தகப்பன் உயிருக்கு ஆகாது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அதனால் காஞ்சிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பேசி வைத்துவிட்டாள். பங்குனி முடிவதற்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும். மகன் கன்னியப்பன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இன்றைக்கே டாக்ஸியோடு வருகிறான்.

சந்திரம்மாள் நாலு பெற்றவள். நாலும் இதே ஒரகடத்து வீட்டில், உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெற்றதுதான். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது என்கிற ரகமும் இல்லை அவள். ஆபத்து என்று ஊர் நர்ஸ் ரத்னா ஒரு வார்த்தை சொன்னால் மகளைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடியிருப்பாள். உயிரைக் காப்பாற்ற வெட்டினால் வெட்டட்டும், நாள்காட்டிக்காக வெட்டக் கூடாது என்பதுதான் அவள் கட்சி.

இதில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. லீலா ஆனியில் உண்டாகவே இல்லை.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவது வழக்கம். ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை பிறந்துவிடுமே! லீலாவும் வந்திருந்தாள். ஆனால் ஆடி கடைசியில் ஒரு மழை நாளில், அம்மாவிடம் கம்பெனியில் ஓ.டி. வேலை என்று சொல்லிவிட்டு, கன்னியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சொட்டச் சொட்ட வாசலில் நின்றான். சந்திரம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டினவளைப் பார்க்க வருகிறவனுக்கு மாதம் என்ன, தேதி என்ன! சோறு போட்டாள், பாய் விரித்தாள். "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வாணாம் அத்தே... அது தலைல அடிச்சி சத்தியம் வாங்கிகினு கீது" என்று அவன் கெஞ்ச, சொல்ல மாட்டேன் என்று இவளும் வாக்குக் கொடுத்தாள். ஆனியிலேயே நின்றுவிட்டது என்ற பொய்யும் அவன் சொல்லச் சொன்னதுதான். அந்தப் பொய்தான் இப்போது டாக்ஸி வைத்துக்கொண்டு வருகிறது.

"துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு உம்பொண்ண," என்றாள் சுந்தராம்பாள்.

"சம்பந்தி, கொஞ்சம் கேளுங்க... வயிறே இன்னும் எறங்கல. நர்ஸம்மா தொட்டுப் பாத்துட்டு, இன்னும் நாள் கீதுன்னு சொல்றாங்க. காயை வெட்டிப் பழுக்க வைக்க முடியுமா? புள்ளைக்கு மூச்சு கீச்சு தெணறிச்சின்னா..."

"பத்து மாசம் முடிஞ்ச புள்ளைக்கு இன்னா நாள் கீது?"

சந்திரம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே லீலாவின் வளையல் சத்தம் நின்றது.

"பத்து மாசம் முடியல, சம்பந்தி," என்றாள். "இன்னும் மூணு வாரம் இருக்குது."

வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. சுந்தராம்பாள் விரலை மடக்கி மடக்கி மாதங்களைப் பின்னால் எண்ணினாள். ஒரு விரலில் வந்து நின்றாள். அவள் முகம் மாறியது.

"அப்ப... ஆடி!"

சந்திரம்மாள் உள்பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"ஆடியில இவ உன் வூட்லதானே கெடந்தா? எம்புள்ள ஆடி முச்சூடும் ஷிப்டும் ஓ.டி.யும்னு கெடந்தானே! அப்படின்னா இது... இது யாரு..."

"சம்பந்தி! அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துது..." சந்திரம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

லீலா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "யம்மா... சொல்லிடும்மா!"

"நான் சொல்றதுக்கு இல்லடி," என்றாள் சந்திரம்மாள். "நான் சொன்னா பொண்ணைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றேன்னுதான் நெனப்பாங்க. சொல்ல வேண்டியவரு வரட்டும்."

அவன் வந்தான். வாசலில் டாக்ஸியின் ஹாரன் கேட்டது. கன்னியப்பன் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சுந்தராம்பாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்! ஆடியில நீ இந்த வூட்டுப் பக்கம் வந்தியா?"

கன்னியப்பன் அம்மாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். லீலாவைப் பார்க்க மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். லேத் மெஷினில் இரும்பைக் கடைகிறவனுக்கு, நாக்கை அசைக்க முடியவில்லை!

"நீங்களாவது சொல்லுங்களேன்..." லீலா கைகூப்பினாள். அவன் நிமிரவே இல்லை.

"பாத்தியா? பேச மாட்டேங்கறான்! ஏன்னா வரல!" சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சரி, ஒண்ணு சொல்றேன். இவ இப்பவே கார்ல ஏறினா, ஆனிதான் சரின்னு நானும் நம்பிட்டுப் போறேன். ஒருத்தருக்கும் தெரியாது. ஏற மாட்டேன்னா, ஆடிக் கணக்குதான். அப்பறம் இவ என் வாசப்படி மிதிக்க முடியாது!"

கத்திக்குச் சம்மதித்தால் மகளின் மானம் தப்பும். மறுத்தால் குழந்தை தப்பும், மானம் போகும். சந்திரம்மாள் மருமகனைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தாள். பிறகு மகளின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"காரத் திருப்பி அனுப்பிடுங்க, சம்பந்தி. ஊரு இன்னா வேணா பேசட்டும். இவளும் புள்ளையும் இங்கயே கெடக்கட்டும், களை எடுத்தாவது நான் கஞ்சி ஊத்தறேன். மானம் போனா ஒரு நாள் திரும்பி வரும். புள்ள போனா வருமா? சித்திரை வரட்டும்... அது எப்ப வெளிய வரணும்னு நெனைக்குதோ, அப்ப வரட்டும்!"

மருமகன் பக்கம் திரும்பினாள். "போங்க மாப்ள. அம்மாவைக் கூட்டிகினு போங்க. நான் குடுத்த வாக்கு அப்படியேதான் கீது."

சுந்தராம்பாள் முந்தானையை உதறிக்கொண்டு போய் டாக்ஸியில் உட்கார்ந்தாள். கன்னியப்பன் ஒரு காலை உள்ளே வைத்தான். வைத்த காலை எடுத்தான்.

"அம்மா, எறங்கு."

"இன்னாடா?"

"நான்தாம்மா வந்தேன். ஓ.டி.ன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன். ஆனின்னு சொல்லச் சொன்னதும் நான்தான். நான் வாய மூடிகினு நின்னேன்... அத்தே எனக்கோசரம் எல்லாத்தையும் வாங்கிக் கட்டிகினு நிக்கிது. லீலா மேல ஒரு தப்பும் இல்லம்மா!"

பளார் என்று ஓர் அறை விழுந்தது. அடித்த கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டு சுந்தராம்பாள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி! உங்கப்பன வாரிக் குடுத்தது பத்தாதா? உன்னையும் வாரிக் குடுக்கணுமா நான்?"

"அப்பாவுக்கும் இதுக்கும் இன்னாம்மா?"

"நீயும் சித்திரையில பொறந்தவன்டா!" அவள் அலறினாள். "வாலாஜாபாத்துல எங்கம்மா வூட்ல உன்னப் பெத்துட்டு, நம்ம ஊருக்கு வந்து பங்குனின்னு சொன்னேன். அந்த வருசமே உங்கப்பா ஏரில முழுகிப் பூட்டாரு. அப்பன முழுங்கினவன்னு உன்ன ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னு... இத்தினி வருசமா வயித்துக்குள்ளயே வச்சிகினு வெந்தேனே!"

சந்திரம்மாளின் கோபமெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, நான் கேக்கறதுக்குக் கோவிச்சிக்காதீங்க. அன்னிக்கு யாராவது வந்து, நாள் ஆவறதுக்கு முந்தி இந்தப் புள்ளையக் கிழிச்சி எடுன்னு சொல்லியிருந்தா... உட்டிருப்பீங்களா?"

சுந்தராம்பாள் மகனை அண்ணாந்து பார்த்தாள். அவன் கன்னத்தில் அவளுடைய விரல் தடம் சிவந்து கிடந்தது.

"உட்டிருக்க மாட்டேன்," என்றாள். "சொன்னவங்களக் கொன்னு போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சந்திரம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு எழுந்து, வாசற்படியில் நின்ற லீலாவின் கையைப் பிடித்துத் தன் வாயில் அடித்துக்கொண்டாள். "என் நாக்கு அழுவிப் போவ... உன்னப் போயி சொல்லிட்டேனேம்மா..." லீலா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, மாமியாரின் கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. அந்தக் காயம் அன்றைக்கே ஆறிவிடுகிற காயமா? ஆனாலும் சாயங்காலம் மாமியாருக்கு அவளே சோறு போட்டாள்.

சித்திரை பிறந்தது. குழந்தை அவசரப்படவில்லை. மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நண்பகல் வலி கண்டது. நர்ஸ் ரத்னா வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நடக்க விடுங்கள் என்றாள். லீலா உத்திரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் சந்திரம்மாள் தாங்க, பின்னால் முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தது சுந்தராம்பாள்தான். பொழுது சாய்வதற்குள் "குவா" என்று ஒரு சத்தம் வாசலில் நின்ற கன்னியப்பன் வரைக்கும் கேட்டது. ஆண் பிள்ளை.

நர்ஸம்மா குழந்தையைத் துடைத்துச் சந்திரம்மாளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. "சம்பந்தி கையில குடுங்க," என்றாள்.

செய்தி கேட்டு அம்சவல்லி ஓடி வந்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தவள், வழக்கம் போல மெல்ல ஆரம்பித்தாள். "ஆம்பளப் புள்ளையா! ஆனா... தலைச்சன்... சித்திரையில..."

சந்திரம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுந்தராம்பாள், பேரனை மார்போடு சேர்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஆமா, சித்திரைதான்! எம்புள்ள பொறந்த மாசம்!"