இடது பின் வளையம்

அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுஹைனா காய்கறிப் பையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மூன்று வயது ஸோயாவையும் கூட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் சந்தைக்குப் போய் வர இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் பால் காய்ச்சியதும் உப்புமா கிண்டியதும் வலது முன் வளையத்தில். அதன் விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது. இப்போது எரிந்தது இடது பின் வளையத்தின் விளக்கு. இந்த வீட்டுக்கு வந்த பதினாறு நாளில் அந்த வளையத்தை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அது கரண்ட் அடுப்பு. கறுப்புக் கண்ணாடிப் பலகை, அதில் நான்கு வட்டங்கள், முன்னால் நான்கு திருகுகள், வட்டத்துக்கு ஒன்றாக நான்கு விளக்குகள். இதற்கு முன் குடியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர், வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. முன்பு குடியிருந்த சிங்காரப்பேட்டையிலிருந்து கேஸ் இணைப்பை மாற்றி வாங்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். அதுவரை இதில்தான் சமையல். முதல் வாரம் முழுக்க அதோடு பழகுவதிலேயே போயிற்று. தீயே தெரியாத அடுப்பு. அடி வளைந்த வாணலி அதில் உட்காராது, தட்டை அடிப் பாத்திரம்தான் வேண்டும். அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும், அதனால் குழம்பு சுண்டுவதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். கறுப்பாகத்தானே இருக்கிறது என்று கையை வைத்தால் தோல் உரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த விளக்குகள். கண்ணாடி ஆறும்வரை எரியும், ஆறியதும் தானாக அணையும்.

அவள் திருகைப் பார்த்தாள். பூஜ்யத்தில்தான் இருந்தது. உள்ளங்கையை வட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள். சுடவில்லை. ஆனால் வெதுவெதுப்பு இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்த மாதிரி. அதோடு ஒரு வாசனை. பால் காய்ந்து ஏடு படியும்போது வரும் லேசான இனிப்பு வாசனை. அன்றைய பாலோ பிரிட்ஜுக்குள் இருந்தது.

அப்பாஸ் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க நான்கு மணி ஆகியிருந்தது.

"ஏங்க, அந்தப் பின்னாடி வளையம் சூடா இருந்துச்சுங்க. நான் போடவே இல்ல."

"திருகை மாத்தித் திருகியிருப்ப."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

"பச்சப்புள்ள இந்தா ஒண்ணு இருக்குதே, அதக் கேப்போம்." ஸோயாவைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். "என்னடி, அத்தா வர்றதுக்குள்ள டீ போட்டு வச்சியா நீ?"

ஸோயா தலையை ஆட்டினாள். எதைக் கேட்டாலும் அவள் ஆமென்றுதான் தலையை ஆட்டுவாள். அந்தத் திருகுகள் அவளுக்கு எட்டவே எட்டாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "பழைய வீட்ல அடுப்பு பத்த மாட்டேங்குதுன்னு பொலம்புன. இங்க கேக்காமயே பத்துது, அதுக்கும் பொலம்பல்" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். சுஹைனாவும் சிரித்துவைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் அந்த விளக்கு எரிந்தது. ஒருநாள் காலையில், ஒருநாள் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பியபோது, ஒருநாள் அவள் அடுப்புக்கு முன்னாலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது. முதலில் இருட்டு. குனிந்து நிமிர்ந்தால் சிவப்பு.

நான்காம் நாள் அப்பாஸ் அனுப்பிவைத்த எலெக்ட்ரீஷியன் சென்றாயன் வந்தார். உத்தனப்பள்ளிக்காரர், ஐம்பது வயதிருக்கும், இந்த லேஅவுட்டில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவர். சுவரில் அடுப்புக்கென்று இருந்த மெயின் சுவிட்சை அணைத்து, கண்ணாடியைக் கழற்றித் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வந்து பாரும்மா."

மூன்று வட்டங்களுக்கு அடியில் கம்பிச் சுருள் இருந்தது. இடது பின் வட்டத்துக்கு அடியில் வெறும் தகரக் குழி. அதில் சாம்பல் நிறத்தில் தூசி.

"காயில் சுருள எப்பவோ கழட்டி எடுத்துட்டாங்க. ஒயரே போகல. இது வெறும் கோலம்."

"அப்ப லைட்டு எப்படிங்கண்ணா எரியுது?"

"சென்சாரு கெட்டிருக்கும், வேற என்ன." சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் திரும்பப் பொருத்தியவர், புறங்கையை அந்த வட்டத்தின் மேல் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். கையைத் துண்டில் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

ஸ்க்ரூவை எல்லாம் முடுக்கினார். பையை மாட்டிக்கொண்டுதான் சொன்னார்.

"கேஸ்ல ராத்திரி ரெகுலேட்டர மூடறோமில்ல, அந்தப் பழக்கத்துல இதுக்கு மெயினை அணைச்சுடாதீங்க. புதுசா வாங்கறவங்க எல்லாரும் அதத்தான் பண்றாங்க. மெயின் போனா லைட்டும் போயிடும். சூடு போவாது. அது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம். புள்ள இருக்கற வூடு."

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா."

"இருக்கட்டும்மா. வெளிய குடிச்சுக்கறேன்."

அவர் சொன்னது அவளுக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் அரிசி களையும்போது அந்தச் சிவப்புப் புள்ளி முதுகுப் பக்கமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தோசை ஊற்றும்போது கண்ணின் ஓரத்தில் இருந்தது. கூடத்தில் ஸோயாவுக்குச் சோறு ஊட்டும்போதும் எட்டிப் பார்த்தால் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைசி வேலையாக ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் அவள் சமையலறையை விட்டு வெளியே வருவாள். மூடினால்தான் அன்றைய நாள் முடியும். கை தானாகச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சுக்குப் போனது. அமுக்கினாள்.

புள்ளி அணைந்தது. எவ்வளவு நிம்மதி.

மறுநாள் காலையில் மெயினைப் போட்டபோது ஒரு விளக்கும் எரியவில்லை. வட்டத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"போயிடுச்சுங்க" என்றாள் அப்பாஸிடம்.

"பாத்தியா? சும்மா கெடந்து பயந்துக்கிட்டு."

அதற்குப் பிறகு சமைக்கும்போது மட்டும் போடுவாள், முடிந்ததும் அணைப்பாள். விளக்கு திரும்ப வரவில்லை. திங்கட்கிழமை, அடுப்பை ஒட்டிய கிரானைட் மேடையில் காய் நறுக்கக் கையை ஊன்றியபோது கல் வெதுவெதுவென்றிருந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, மேடையின் மூலையில் இருந்த எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் மோந்தால் குளிக்க விளாவிய மாதிரி இருந்தது. புதன்கிழமை, சமையலறை நிலைக்கட்டையில் சாய்ந்து தலைமுடியை முடியும்போது, தோளுக்குப் பக்கத்தில் மரம் சூடாக இருந்தது. வெயிலே இல்லாத நாள் அது. அப்பாஸுக்கு ஓவர்டைம். வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இருக்காது என்று முதல்நாளே போனில் செய்தி வந்திருந்தது. தெருக்கோடியில் இருந்த லேத் பட்டறைகள் ஓயாமல் போடும் கிறீச் சத்தமும், பிரஸ் மெஷினின் தொம் தொம்மும் அன்றைக்கு இல்லை; இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காதுக்குள்ளேயே குடியிருந்த சத்தம் நின்றதும், வீடு ஒரு சுற்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. வெளியே தூறல். மதியம் இரண்டு மணிக்கே மூலைகளெல்லாம் மங்கிவிட்டன. கீழ்வீட்டு ஓனரம்மா சரோஜம்மாள் பாகலூரில் விசேஷம் என்று பூட்டிக்கொண்டு போயிருந்தார். சுற்றிலும் வீடு கட்டாத மனைகள், ஈரமான கற்கள், ஒரு மாடு.

ஸோயா உள்ளறையில் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுஹைனா அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். நான்கு வட்டமும் சில்லென்றிருந்தன. பிறகு மாப்பை நனைத்து, சமையலறையில் தொடங்கிக் கூடத்தைத் துடைத்தபடி பின்வாங்கி, வாசல் கதவுவரை வந்து நிமிர்ந்தாள்.

கூடம் முழுக்க ஈரம் பளபளத்தது. சமையலறை நிலைக்குக் கீழே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தது.

விட்டுப்போயிருக்கும். நடந்துபோய் மறுபடி துடைத்தாள். கதவருகே திரும்பி வந்து பார்த்தாள். அதே இடத்தில் ஈரம் நடுவிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஓரம் சுருங்கிச் சுருங்கி. ஒன்றில்லை, இரண்டு. பக்கத்துப் பக்கத்தில். நீளவாக்கில்.

ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து சின்ன வட்டங்கள் காய்ந்தன.

அவள் மாப்பைப் பிடித்தபடியே நின்றாள். மழைச் சத்தம் மட்டும். அந்த இரண்டுக்கும் ஒரு முழம் முன்னால், பளபளப்பில் ஒரு புள்ளி மங்கியது. புள்ளி விரிந்தது. குதிகால். பிறகு பாதம். பிறகு விரல்கள். பத்து மூச்சு விடும் நேரம் ஆயிற்று அது முழுதாக வர. அடுத்தது இன்னும் முன்னால்.

அவசரமே இல்லை அதற்கு.

போனை எடுத்து அப்பாஸைக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். கம்பெனி கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. ஓத வாயைத் திறந்தாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வரி, பாதியில் நின்றது. முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது.

சென்றாயன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள்தான் அணைத்தாள். எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒன்றை அவள் கையாலேயே அணைத்தாள். மேடையில் இருந்தது. குடத்தில் இருந்தது. நிலையில் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்திலேயே.

ஐந்தாவது தடம். கூடத்தின் நடு. அந்தப் பாதம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் அவளைப் பார்த்தன.



ஆறாவது தடம் வந்தது. அது உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போதுதான் மாப்பைக் கீழே போட்டாள். ஓடினாள். நடுக்கூடத்தில் உள்ளங்காலில் வெதுவெதுப்பு பட்டது, தாண்டினாள், மெத்தையிலிருந்து ஸோயாவை அள்ளினாள், திரும்பி ஓடினாள். வாசல். படிக்கட்டு. செருப்பில்லாமல். கீழே கேட்டைத் தள்ளிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தாள்.

தூறல் மழையாகியிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. பட்டறைகள் எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. "யாராவது இருக்கீங்களா" என்று கூப்பிட்டாள், அவளுக்கே கேட்கவில்லை. தூக்கம் கலைந்த ஸோயா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குளிரில் நடுங்கினாள். மஞ்சள் கவுன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

சுஹைனா ரோட்டையே பார்த்தாள். சிமெண்ட் ரோடு முழுவதும் தண்ணீர் ஓடியது. ஒரு தடமும் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. படிக்கட்டில் இல்லை. கேட்டில் இல்லை. வரவில்லை, அது வரவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகுதான் புரிந்தது. இந்த மழையில் எந்தத் தடமும் நிற்காது.

எங்கே இருக்கிறது?

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாடு. கற்கள். தண்ணீர்.

ஸோயாவின் நடுக்கம் நின்றது.

சுஹைனா மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தினாள். குழந்தையின் முதுகில், நனைந்து கருத்திருந்த மஞ்சள் துணியில், ஓரிடம் வெளுத்துக்கொண்டிருந்தது. மழை அதன் மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் மெல்லிய ஆவி எழுந்தது. வெளுப்பு விரிந்தது. உள்ளங்கை. கட்டைவிரல். ஒவ்வொன்றாக மற்ற நான்கும்.

அவள் இறுக்கிக்கொண்டாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கினாள்.

இன்னொரு கை, ஸோயாவின் அக்குளுக்குக் கீழே வந்தது. அடுத்தவர் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது வைக்கிற இடத்தில். ஸோயா தோளிலிருந்து முகத்தை எடுத்து, யாரும் இல்லாத அந்தப் பக்கம் திரும்பி, தலையை ஆட்டினாள்.

சுஹைனாவின் கைகளில் இருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது.